தாயின் முத்திரையும் தந்தையின் முத்திரையும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது எம்மவரிடையே வழங்கும் முதுமொழி. பிள்ளையின் நிறத்துக்கும் குணத்துக்கும் நோய்க்கும் தாயையே காரணங்காட்டும் வழக்கம் இம்முதுமொழிக்குள் உறைந்து கிடக்கின்றது. பிறப்புரிமையியல் என்ற விஞ்ஞானம் இதனை ஒருபோதும் ஏற்கவில்லை. இன்று செக் குடியரசில் உள்ள பேர்னோ நகரில், 1865ஆம் ஆண்டு, கிரகோர் மென்டல் என்னும் துறவி தமது பட்டாணிச் செடி ஆய்வுகளை அறிஞர் அவையொன்றில் வாசித்தார். ஓர் இயல்பு தாய்ச் செடியிலிருந்து வந்தாலென்ன, தந்தைச் செடியிலிருந்து வந்தாலென்ன, விளைவு ஒன்றே என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. தாயும் தந்தையும் பிள்ளைக்குச் சமபங்கு வழங்குகின்றனர். அப்பங்குகள் சமமாகவே தொழிற்படுகின்றன. பள்ளிப் பாடநூல்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதனையே கற்பித்து வந்துள்ளன.

இவ்விதி பெரும்பாலும் சரியானது. ஆனால் முற்றிலும் சரியானதன்று. மனித உடலின் ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மரபணு என வழங்கப்படுவதும் இதுவே. ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் பொதுவாக இரு பிரதிகள் உண்டு. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது மற்றொன்று. மிகப் பெரும்பான்மையானவற்றில் இரண்டும் ஒருங்கே தொழிற்படும். எனினும் ஏறத்தாழ 100 பரம்பரையலகுகளில் நிலை வேறு. சிலவற்றில் தாய் தந்த பிரதி மாத்திரம் பேசும், தந்தை தந்தது மௌனமாக இருக்கும். வேறு சிலவற்றில் தந்தை தந்தது பேசும், தாய் தந்தது மௌனமாக இருக்கும். எந்தப் பிரதி எவரிடமிருந்து வந்தது என்பதைக் கலம் மறப்பதில்லை. விஞ்ஞானிகள் இதனைப் பரம்பரையலகு முத்திரையிடல் என்பர்.

இதனை எமது வாசகர்கள் ஏன் அறிந்திருக்க வேண்டும்? அந்நிய நாட்டு வைத்தியசாலை ஒன்றில், அந்நிய மொழியில், "உங்கள் பிள்ளையின் தந்தைவழி நிறமூர்த்தத்தில் ஒரு பகுதி இல்லை" என்று மருத்துவர் கூறும்போது, அவ்வாக்கியம் எமது வீடுகளுக்குள் வந்து சேரும் வழியில் வேறொன்றாக மாறிவிடக்கூடும். "தகப்பனிடமிருந்து வந்த வருத்தமாம்" என்றோ, "தாயின் பக்கத்துக் குறையாம்" என்றோ அது திரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத வேளைகளில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையே தன் தம்பியின் நோயைப் பெற்றோருக்கு விளக்க நேர்கின்றது. விஞ்ஞானம் சொன்னது ஒன்று, குடும்பம் கேட்டது வேறொன்று என்றால், குடும்பங்கள் முறியவும் கூடும். ஆதலால் இவ்விடயத்தை முதலிலிருந்து, இயன்றவரை எளிமையாக, எடுத்துரைக்க முனைகின்றோம்.

சூரிச்சில் ஒன்று, வொரிங்ரனில் மற்றொன்று

எம்மவர் பலர் வாழும் சுவிற்சர்லாந்திலேயே இக்கதையின் ஓரிழை தொடங்குகின்றது. 1956இல் சூரிச் நகரின் மருத்துவர்களான அந்திரேயா பிராடர், அலெக்சிஸ் லப்கார்ட், கைன்ரிச் வில்லி ஆகிய மூவரும் ஒரே வகையான குறைபாடுகள் கொண்ட சில நோயாளரை விவரித்தனர். இப்பிள்ளைகள் பிறக்கும்போது துவண்டு கிடப்பர். தாயின் வயிற்றிலேயே அசைவு குறைவாக இருக்கும். பிறந்தபின் பால் உறிஞ்ச வலுவிராது. குழாய் மூலம் உணவூட்ட நேரிடும். ஆனால் சில ஆண்டுகளின் பின் எல்லாம் தலைகீழாக மாறும். அடங்காத பசி தோன்றும். எவ்வளவு உண்டாலும் போதும் என்ற உணர்வு எழாது. உடல் பருக்கும், உயரம் குறைவாகவே இருக்கும், கைகளும் பாதங்களும் சிறுத்திருக்கும், கற்றல் மெதுவாகும். இது இன்று பிராடர்–வில்லி நோய்க்கூட்டம் எனப்படுகின்றது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையான பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகின்றது.

மற்றைய இழை இங்கிலாந்தில் தொடங்குகின்றது. வொரிங்ரன் நகரில் பணியாற்றிய ஹரி ஏஞ்சல்மன் என்ற குழந்தை மருத்துவர், வெவ்வேறு காலங்களில் தம்மிடம் வந்த மூன்று பிள்ளைகளிடையே ஓர் ஒற்றுமையைக் கண்டார். அவர்கள் பேசவில்லை, நடை விறைத்துத் தள்ளாடியது, வலிப்பு வந்தது, ஆயினும் அடிக்கடி வாய்விட்டுச் சிரித்தனர். இம்மூவரையும் ஒரு நோயின் கீழ் வைக்கலாமா என்ற தயக்கம் அவரிடம் இருந்தது. விடுமுறையில் இத்தாலியின் வெரோனா நகருக்குச் சென்றபோது, அங்குள்ள நூதனசாலையில் கரோட்டோ என்ற ஓவியர் தீட்டிய, சிரித்த முகத்துச் சிறுவனின் ஓவியமொன்றைக் கண்டதாகவும், அதுவே எழுதுவதற்குத் தம்மைத் தூண்டியதாகவும் அவர் பின்னாளில் தெரிவித்தார். 1965இல் வெளியான கட்டுரைக்கு அவர் "பொம்மைப் பிள்ளைகள்" என்ற பொருள்பட்ட தலைப்பை இட்டார். அப்பெயர் பெற்றோரைப் புண்படுத்தியது. 1982இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் அதனைக் கைவிட்டு ஏஞ்சல்மன் நோய்க்கூட்டம் என்ற பெயரை முன்வைத்தனர். அதுவே இன்று நிலைத்துள்ளது.

இவ்விரு நோய்களுக்கும் வெளித்தோற்றத்தில் எவ்வித உறவும் இல்லை. ஒன்றில் பசி, மற்றொன்றில் பேச்சின்மையும் வலிப்பும் சிரிப்பும். ஒரே மருத்துவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டிருந்தாலும் ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்தியிருக்க மாட்டார்.

ஒரே இழப்பு, இரு நோய்கள்

1981இல், பிராடர்–வில்லி நோயுற்ற பலரின் 15ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு பகுதி இல்லாமற் போயிருப்பதை அமெரிக்காவில் டேவிட் லெட்பெற்றரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். நிறமூர்த்தம் என்பது பரம்பரையலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட நூலிழை. மனிதரில் அவை 23 சோடிகள். சில ஆண்டுகளின் பின் ஏஞ்சல்மன் நோயுற்ற பிள்ளைகளை ஆராய்ந்தபோது வியப்பான செய்தி கிடைத்தது. அவர்களிலும் 15ஆம் நிறமூர்த்தத்தின் அதே பகுதியே இல்லை.

ஒரே பகுதியின் இழப்பு எவ்வாறு இருவேறு நோய்களைத் தோற்றுவிக்கும்? 1989இல் விடை கிடைத்தது. பிராடர்–வில்லி நோயில், இழப்பு எப்பொழுதும் தந்தை தந்த நிறமூர்த்தத்தில் இருந்தது. ஏஞ்சல்மன் நோயில், அது தாய் தந்த நிறமூர்த்தத்தில் இருந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றுமோர் ஆய்வு ஐயத்துக்கு இடமின்றி இதனை உறுதிசெய்தது. சில பிராடர்–வில்லி நோயாளரில் எப்பகுதியும் இழக்கப்படவில்லை; 15ஆம் நிறமூர்த்தம் இரண்டும் முழுமையாகவே இருந்தன. ஆனால் இரண்டுமே தாயிடமிருந்து வந்தவை. தந்தையின் பிரதி ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையில் குறைவில்லை, எழுத்தில் பிழையில்லை. ஆயினும் பிள்ளை நோயுற்றது. தாய் இருமடங்கு கொடுத்தாலும், தந்தையின் ஒரு பங்கை அது ஈடுசெய்யவில்லை.

ஒரு பிள்ளை இவ்வாறு ஒரே பெற்றோரிடமிருந்து ஒரு சோடி நிறமூர்த்தங்களையும் பெறக்கூடும் என்பதை ஜெனீவாவின் எரிக் ஏங்கல் என்ற அறிஞர் 1980இலேயே கருத்தளவில் எடுத்துரைத்திருந்தார். அன்று அது வெறும் ஊகமாகவே கொள்ளப்பட்டது.

சுண்டெலிகள் சொன்ன செய்தி

மருத்துவர்கள் இவ்வாறு மனிதரில் கண்டதை, சில ஆண்டுகளுக்கு முன்னரே சுண்டெலிகள் உணர்த்தியிருந்தன. கருக்கட்டிய முட்டையினுள் சிறிது நேரம் இரு கருக்கள் தனித்தனியே இருக்கும்: ஒன்று தாயின் முட்டையினுடையது, மற்றது தந்தையின் விந்தினுடையது. 1984இல் கேம்பிறிட்ஜில் அசீம் சுரானியும் அவருடைய சகாக்களும், பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மக்கிராத், டாவோர் சொல்ற்றர் ஆகியோரும், தனித்தனியாக ஒரே வினாவை எழுப்பினர். தந்தையின் கருவை அகற்றி, அவ்விடத்தில் வேறொரு தாயின் கருவை வைத்தால் என்னாகும்? தாயின் கருவை அகற்றி, இரு தந்தையரின் கருக்களை வைத்தால் என்னாகும்?

மென்டல் சொன்னது முழுதும் சரியாயின், எலிக்குட்டி பிறந்திருக்க வேண்டும். ஒன்றும் பிறக்கவில்லை. இரு தாயரின் கருக்களைக் கொண்ட முளையம் ஓரளவு உருப்பெற்றது. ஆனால் அதனைத் தாயோடு பிணைக்கும் சூல்வித்தகம், அதாவது நச்சுக்கொடி, வளரவில்லை. இரு தந்தையரின் கருக்களைக் கொண்டதில் நிலை எதிர்மாறாக இருந்தது. சூல்வித்தகத்துக்குரிய இழையம் வளர்ந்தது. முளையமோ வளராமல் நின்றது. குழந்தையை உருவாக்குவதிலும், அதற்கு உணவு கொண்டுவரும் உறுப்பை உருவாக்குவதிலும் தாயும் தந்தையும் வெவ்வேறு பொறுப்புகளை ஏற்றிருப்பது போன்ற தோற்றம் இதனால் எழுந்தது.

மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. எமது ஊர்களில் மருத்துவிச்சிமார் முத்துப்பிள்ளை என்று அழைத்த கருப்பத்தில் குழந்தை இராது. முந்திரிகைக் குலை போன்ற நீர்க்குமிழிகளே கருப்பையை நிறைத்திருக்கும். அதன் முழுமையான வகையில் நிறமூர்த்தங்கள் யாவும் தந்தையிடமிருந்து வந்தவை என்பதை 1977இல் யப்பானிய அறிஞர்கள் கண்டனர். முட்டையின் கரு எவ்வாறோ இழக்கப்பட்டு, விந்தின் பங்கு மாத்திரம் இரட்டிப்பதால் இது பெரும்பாலும் நிகழ்கின்றது. இத்தகைய கருப்பம் கண்ட பெண்ணைப் பேயும் பிசாசும் பிடித்ததாக எண்ணிய காலம் ஒன்றிருந்தது. இது மருத்துவம் அறிந்த நிகழ்வு, உரிய சிகிச்சையும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டுவது, அப்பெண்ணின் குற்றமன்று.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடுவது தகும். சுரானி, கென்யாவின் கிசுமு நகரில் பிறந்து இங்கிலாந்தில் கற்றுப் பணியாற்றியவர். சொல்ற்றர், சாக்ரெப் நகரில் கற்று அமெரிக்கா சென்றவர். இவ்விருவருக்கும் 2018இல் கனடாவின் கெயர்ட்னர் விருது, இக்கண்டுபிடிப்புக்காகவே பகிர்ந்தளிக்கப்பட்டது. பிறந்த மண்ணை விட்டு வந்தோர், தாயும் தந்தையும் பிள்ளைக்கு விட்டுச் செல்வது யாது என்ற வினாவுக்கு விடைதேடியமை எமது வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடும்.

முத்திரை எங்கே இடப்படுகின்றது?

பரம்பரையலகின் எழுத்துகள் டி.என்.ஏ. என்ற நெடிய மூலக்கூறில் எழுதப்பட்டுள்ளன. முத்திரை அவ்வெழுத்துகளை மாற்றுவதில்லை. ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் கொண்ட மெதயில் கூட்டம் என்ற சிறு அடையாளம், குறித்த சில எழுத்துகளின்மீது ஒட்டப்படுகின்றது. ஏட்டில் எழுதிய வரியை அழிக்காமல், அதன்மேல் "இதனை வாசிக்கற்க" என்று சிறு குறியிடுவதற்கு இதனை ஒப்பிடலாம். கலம் பிரியும்போது இக்குறியும் படியெடுக்கப்படுகின்றது. ஆதலால் கருவில் இருந்தவரின் முத்திரை முதுமையிலும் அவரது கலங்களில் இருக்கும்.

ஆனால் அடுத்த தலைமுறைக்கு அது அவ்வாறே செல்வதில்லை. இது இவ்விடயத்தின் மிக முக்கியமான கட்டம். வாசகர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஓர் ஆண் தன் தாயிடமிருந்து பெற்ற நிறமூர்த்தம் அவன் உடலெங்கும் தாயின் முத்திரையைத் தாங்கியிருக்கும். ஆயினும் அவனுடைய விந்துக் கலங்கள் உருவாகும் வழியில் பழைய முத்திரைகள் யாவும் துடைக்கப்பட்டு, தந்தையின் முத்திரை புதிதாக இடப்படுகின்றது. ஏனெனில் இனி அவன் ஒரு தந்தை. அவ்வாறே ஒரு பெண் தன் தந்தையிடமிருந்து பெற்றது, அவளுடைய முட்டையில் தாயின் முத்திரையோடு வெளிவரும். ஒரே நிறமூர்த்தத் துண்டு, பாட்டியிடம் தாயின் குரலிலும், மகனின் வழியே தந்தையின் குரலிலும், பேத்தியின் வழியே மீண்டும் தாயின் குரலிலும் பேசும்.

இம்முத்திரை பெற்ற பரம்பரையலகுகளுள் முதலாவதாக இனங்காணப்பட்டவை 1991இல் வெளியாயின. வியன்னாவில் டெனிஸ் பார்லோ, நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எவ்ஸ்ரத்தியாடிஸ் குழுவினர், பிறின்ஸ்ரனில் பார்ட்டொலொமெய், ரில்மன் ஆகியோர் தனித்தனியே இதனைச் செய்தனர். நியூயோர்க் ஆய்வு ஐ.ஜி.எவ்.-2 என்ற வளர்ச்சிக் காரணியைப் பற்றியது. இதன் பழுதடைந்த பிரதியைத் தந்தையிடமிருந்து பெற்ற சுண்டெலிக் குட்டிகள் ஏனையவற்றின் 60 சதவீத அளவே இருந்தன. அதே பழுதைத் தாயிடமிருந்து பெற்ற குட்டிகளோ இயல்பான அளவில் இருந்தன. தாயின் பிரதி ஏற்கெனவே மௌனமாக இருந்தமையால், அது பழுதானதால் இழப்பேதும் நேரவில்லை.

இயற்கை ஏன் இவ்வாறு செய்தது?

இரு பிரதிகள் இருப்பதன் நன்மையே ஒன்று பழுதானால் மற்றையது உதவும் என்பதுதான். அந்த நன்மையைக் கைவிட்டு, ஒன்றை வேண்டுமென்றே மௌனமாக்குவதால் என்ன பயன்? 1991இல் டேவிட் ஹெய்க், ரொம் மூர் ஆகியோர் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாகப் பேசப்படுகின்றது. பாலூட்டிகளில் குழந்தையின் வளர்ச்சிக்கான உணவு முழுதும் தாயின் உடலிலிருந்தே வருகின்றது. ஒரு தாயின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகளாக இருப்பர் என்ற உறுதி விலங்குலகில் இல்லை. ஆதலால் தந்தைவழிப் பரம்பரையலகுகள் இக்குழந்தைக்கு இயன்றவரை அதிகம் பெறும் வண்ணமும், தாய்வழிப் பரம்பரையலகுகள் இனிப் பிறக்க இருப்போருக்கும் மிச்சம் வைக்கும் வண்ணமும் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது அவர்களின் வாதம். சுண்டெலியில் ஐ.ஜி.எவ்.-2 வளர்ச்சியைத் தூண்டுவது. அதில் தந்தையின் பிரதி பேசுகின்றது. அதனைப் பிடித்து அழிக்கும் வாங்கியின் பரம்பரையலகில் தாயின் பிரதி பேசுகின்றது. கயிறிழுப்புப் போட்டியில் இரு பக்கமும் சமமாக இழுக்கும்வரை கயிறு அசைவதில்லை. ஒரு பக்கம் கைவிட்டால் மாத்திரமே மறுபக்கத்தின் வலு தெரிகின்றது.

தாவரங்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. 1970இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜெறி கேர்மிக்கிள், சோளன் வித்தின் நிறத்தைத் தரும் பரம்பரையலகு ஒன்றை ஆராய்ந்தார். அது தாய்ச் செடியிலிருந்து வந்தால் வித்து முழுதும் நிறம் பெறும். மகரந்தத்தின் வழி வந்தால் வித்தில் புள்ளிபுள்ளியாகவே நிறம் தோன்றும். முத்திரை இடப்படுவது வித்தின் உணவுச் சேமிப்புப் பகுதியில். நாம் நாளும் உண்ணும் அரிசியின் வெண்பகுதியும் இதுவே. நெல்லிலும் இத்தகைய முத்திரைகள் கண்டறியப்பட்டுள்ளன. முட்டையிடும் பறவைகளில் இம்முறைமை காணப்படவில்லை. தாய் தன் உடலிலிருந்து குழந்தைக்கு ஊட்டும் இடங்களிலேயே முத்திரையும் தோன்றியுள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

எவருடைய குற்றம்?

இனி, குடும்பங்களுக்கு வேண்டிய செய்திக்கு வருவோம். பிராடர்–வில்லி நோயுற்றோரில் பெரும்பான்மையினருக்குத் தந்தைவழி நிறமூர்த்தத்தில் இழப்பு உண்டு. "தந்தைவழி" என்ற சொல்லுக்கு "தந்தைக்கு இருந்த நோய்" என்பது பொருளன்று. தந்தையின் இரத்தத்தை ஆராய்ந்தால் அவரது 15ஆம் நிறமூர்த்தங்கள் இரண்டும் முழுமையாகவே இருக்கும். பல கோடி விந்துக் கலங்களுள் ஒன்று உருவாகும்போது நேர்ந்த தற்செயலான முறிவே அது. ஏஞ்சல்மன் நோயின் பெரும்பான்மையிலும் அவ்வாறே; முறிவு நேர்ந்தது ஒரு முட்டையில். உண்ட உணவோ, பட்ட அதிர்ச்சியோ, பிறந்த நட்சத்திரமோ, முன்னோர் பாவமோ இதற்குக் காரணமன்று. எமது சமூகத்தில் மச்சான் மச்சாள் திருமணம் வழக்கிலுள்ளது. பிள்ளை நோயுற்றால் அதனையே முதலிற் பழிப்பர். உறவுமுறைத் திருமணம் வேறு சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மையே. ஆனால் 15ஆம் நிறமூர்த்தத்தில் நேரும் இம்முறிவுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே பெற்றோரிடமிருந்து இரு பிரதிகளும் வரும் வகையில், தாயின் வயது கூடும்போது வாய்ப்பும் கூடுகின்றது. வயது கூடுவது எவருடைய குற்றமுமன்று. போரும் வழக்குகளும் பல பெண்களின் திருமணத்தைப் பின்தள்ளியதை எம்மவர் அறிவர்.

இவ்விரு வகைகளிலும் அடுத்த பிள்ளைக்கு அதே நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 100இல் ஒன்றுக்கும் குறைவு. இன்னொரு பிள்ளை வேண்டாமென்று அஞ்சியிருக்கும் இளம் தம்பதியருக்கு இவ்வெண் பெரும் ஆறுதலாகும். எனினும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தாது. ஏஞ்சல்மன் நோயாளரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நிறமூர்த்த இழப்பு இல்லை, யூ.பி.ஈ.3ஏ என்ற ஒற்றைப் பரம்பரையலகில் விகாரம் உண்டு. 1997இல் இனங்காணப்பட்ட இது, மூளையின் நரம்புக் கலங்களில் தாயின் பிரதியை மாத்திரமே பேசவிடுகின்றது. இவ்விகாரம் சிலவேளைகளில் தாயிடமும் இருக்கும். அவருக்கு நோய் இராது. ஏனெனில் அவர் அதனைத் தம் தந்தையிடமிருந்து பெற்றிருப்பார், அல்லது அது அவரது தந்தைவழிப் பிரதியிலேயே தோன்றியிருக்கும். அவ்வாறாயின் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவருடைய சகோதரனும் அதனைக் காவிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவனுடைய பிள்ளைகள் நோயின்றியே பிறப்பர். அவனுடைய மகளின் பிள்ளைகளில் அது மீண்டும் தலைகாட்டக்கூடும். ஆண்களின் வழியே மௌனமாக நடந்து, பெண்ணின் வழியே வெளிப்படும் நோய் இது. இத்தகைய வீட்டில் பழி எப்பொழுதும் பெண்மீதே விழும். அவளுக்கு அதனைத் தந்தவர், நோயேதும் அறியாது வாழ்ந்து மறைந்த பாட்டனாராக இருக்கலாம்.

இங்கே புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குரிய ஒரு சிக்கல் உண்டு. கணவன் ஒரு நாட்டில், மனைவி இன்னொரு நாட்டில்; அல்லது தந்தை காணாமற்போனவர். "தகப்பன் இல்லாமல் எப்படிச் சோதிப்பார்கள்?" என்ற எண்ணத்திலேயே சில தாய்மார் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கக்கூடும். தயங்க வேண்டியதில்லை. முதற்கட்டச் சோதனைக்குப் பிள்ளையின் இரத்தம் மாத்திரமே போதும். மெதயில் அடையாளங்களை நோக்கினால், 15ஆம் நிறமூர்த்தத்தில் தாயின் முத்திரையும் தந்தையின் முத்திரையும் ஒருங்கே உள்ளனவா, ஒன்று மாத்திரமே உள்ளதா என்பது தெரிந்துவிடும். பிராடர்–வில்லி நோயில் இச்சோதனை ஏறத்தாழ எல்லோரையும் இனங்காணும், ஏஞ்சல்மன் நோயில் ஐவரில் நால்வரை இனங்காணும், எஞ்சியோருக்கு யூ.பி.ஈ.3ஏ தனியே சோதிக்கப்படும். காரணத்தின் வகையைத் துல்லியமாக அறியவே பெற்றோரின் இரத்தம் சில வேளைகளில் வேண்டப்படுகின்றது. அவ்வேளையில், எதற்காக இது எடுக்கப்படுகின்றது, முடிவு எவரிடம் செல்லும் என்று கையொப்பமிடும் முன் கேட்பது உங்கள் உரிமை.

பசியின் தழும்பு

முத்திரை என்பது கருவிலிருந்து முதுமைவரை நிலைப்பதாயின், கருவுற்ற காலத்தின் இன்னல்கள் அதனைத் தீண்டுமா? நெதர்லாந்தில் 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நாசிப் படையினர் மேற்குப் பகுதிக்கான உணவு வழியை அடைத்தனர். ஒருவருக்குரிய நாளாந்தப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே வீழ்ந்தது. அவ்வேளையில் கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகளை, ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பின், லைடன் நகரின் பாஸ் ஹெய்மன்ஸ், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லூமி ஆகியோரின் குழு ஆராய்ந்தது. 2008இல் வெளியான முடிவு இது: கருவுற்ற தொடக்கத்தில் பஞ்சத்தைக் கண்டோரின் ஐ.ஜி.எவ்.-2 பகுதியில், பஞ்சம் காணாத அவர்தம் உடன்பிறப்புகளைவிட மெதயில் அடையாளம் குறைவாக இருந்தது.

முற்றுகையையும் உணவுத் தடையையும் கண்டு வந்த எம்மவர் இச்செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும் என்பதை நாம் அறிவோம். ஆதலால் அளவோடு சொல்ல வேண்டியுள்ளது. ஆராயப்பட்டோர் 60 பேர்; கண்ட வேறுபாடு 5 சதவீத அளவினது; கருப்பத்தின் பிற்பகுதியில் மாத்திரம் பஞ்சத்தைக் கண்டோரில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அடையாளத்தின் குறைவு ஒன்றே நோயாகிவிடாது. போரில் பிறந்த பிள்ளை குறைபட்ட பிள்ளை என்று எவரேனும் இதனைக்கொண்டு வாதிட்டால், அது விஞ்ஞானமன்று. விஞ்ஞானம் சொல்வது இவ்வளவே: தாய்க்கு மறுக்கப்பட்ட உணவின் சுவடு, அறுபது ஆண்டுகளின் பின்னும் பிள்ளையின் கலத்தில் வாசிக்கத்தக்கதாக இருந்தது. இதற்குப் பதில்சொல்ல வேண்டியோர், உணவை மறித்தவர்களே.

செய்யத்தக்கவை

இந்நோய்களைத் துடைத்தெறியும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் காலத்தோடு அறிந்தால் செய்யத்தக்கவை பல. பிராடர்–வில்லி நோய்க்கு வளர்ச்சி ஓமோன் சிகிச்சை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. உயரத்தையும் தசை வலுவையும் அது மேம்படுத்துகின்றது. அடங்காப் பசிக்கான முதல் மருந்து 2025இல் அங்கே அங்கீகரிக்கப்பட்டது. ஏஞ்சல்மன் நோயிலோ நம்பிக்கை வேறு வழியாக வருகின்றது. தாயின் பிரதி இல்லாத அப்பிள்ளைகளின் நரம்புக் கலங்களில், தந்தையின் பிரதி பழுதின்றி, ஆனால் மௌனமாக இருக்கின்றது. அம்மௌனத்தைக் கலைத்துத் தந்தையின் பிரதியை எழுப்பும் முயற்சி சுண்டெலிகளில் வெற்றி கண்டபின், 2020இல் மனிதரில் சோதனைகள் தொடங்கின.

மருந்துக்கு முன்னரும் பின்னரும் வேண்டியது வீட்டின் ஒழுங்கு. எமது வீடுகளில் பருத்த பிள்ளை அழகென்பர். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு ராசா" என்பதே அன்பின் மொழி. பிராடர்–வில்லி நோயுற்ற பிள்ளைக்கு அந்த அன்பு நஞ்சாகும். குசினியைப் பூட்டி வைக்கும் தாயைக் கல்நெஞ்சுக்காரி என்று மாமியாரும் அயலவரும் ஏசக்கூடும். அவரே பிள்ளையின் உயிரைக் காப்பவர். பூசைக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் வரும் உறவினர், அப்பிள்ளையின் கையில் பலகாரத்தைத் திணிக்கும் முன் தாயைக் கேட்க வேண்டும். ஏஞ்சல்மன் நோயுற்ற பிள்ளை பேசாது. ஆனால் பேசுவதைவிட அதிகம் விளங்கிக்கொள்ளும். அதன் முன்னிலையில் அதனைப் பற்றி இரக்கமாகவேனும் இழிவாகவேனும் பேசுதல் தகாது.

பச்சிளங் குழந்தை துவண்டு கிடந்து பால் குடிக்க மறுத்தால், அல்லது வலிப்போடு பேச்சும் வராதிருந்தால், "வளர வளரச் சரிவரும்" என்று காலங்கடத்தாது, பரம்பரை மருத்துவப் பிரிவுக்கு அனுப்புமாறு குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். தகுந்த மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். பிள்ளைகளை அப்பணிக்கு இருத்தாதீர்கள். மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: பிள்ளையில் காணப்பட்ட மாற்றம் எவ்வகையானது? அது தற்செயலாக நேர்ந்ததா, பெற்றோரில் ஒருவரிடமும் உள்ளதா? அடுத்த பிள்ளைக்கும், எமது உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு எவ்வளவு? விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வேறு நாட்டுக்குப் பெயர நேர்ந்தாலும், பிள்ளையின் பெயரோடு அந்தத் தாளும் உங்களுடன் வரட்டும்.